பதாகைக்குப் பின்னால் வெள்ளியும் வியாழனும்

வெள்ளியும் வியாழனும் ஒரு விரலுக்குள் அடங்குகிற அளவுக்கு நெருங்கி நின்ற மாலையில், அவை இரண்டுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, தோளில் பொன்னாடையுமாக, அவற்றை எல்லோரும் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று இருபத்தாறு நிமிடம் பேசியவன் நான். இருபத்தாறு என்பது என் கணக்கல்ல. ஒலிபெருக்கிக்காரர் முழுவதையும் பதிவு செய்து மறுநாள் என்னிடம் தந்தார். இன்றுவரை நான் அதைக் கேட்கவில்லை. கேட்பதற்கு வேண்டிய மனத்தைரியம் பேசும்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றவர்கள்மேல் கோபப்பட எனக்கு உரிமை வந்துவிடும் என்பது என் நப்பாசை. ஏனென்றால் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அதில் பெரும்பங்கு என்மேல்தான். மிச்சத்தை மற்றவர்களுக்குக் கஞ்சத்தனம் இல்லாமல் பகிர்ந்து தரும் உத்தேசம் உண்டு.

உரும்பிராயிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் எங்கள் ஊர். அங்கே ஒரு வாசிகசாலை. வாரப் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவை எழுதுகிறவன் என்பதாலும், வீட்டில் நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன் என்ற வதந்தியாலும், அதற்கு நான் ஆலோசகர். ஆலோசகர் என்றால் ஆலோசனை கேட்கப்படாதவர்.

அந்த வாசிகசாலையைக் காலையும் மாலையும் கூட்டி, பின்னேரம் கதவுகளைப் பூட்டி, கூட்டம் நடந்தால் தேத்தண்ணீரும் ஊற்றித் தருகிற பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். மாசி மாதத்தில் ஒருநாள், தவணை கடந்த புத்தகத்தை ஒளித்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனபோது, அவர் பின்படியில் நின்றார். ஒரு கண்ணை மூடி, வலது கையை மேற்கு வானத்துக்கு நேரே நீட்டி, விரல்களை நெருக்கிப் பிடித்திருந்தார்.

"என்ன தங்கச்சி, ஆருக்குக் கை காட்டுறீர்?"

"காட்டேல்லை அண்ணை, அளக்கிறன். உந்த ரெண்டு வெளிச்சமும் ஒவ்வொரு நாளும் கிட்டக் கிட்ட வருகுது. போன கிழமை எட்டு விரல் கிடந்தது. முந்தநாள் அஞ்சு. இண்டைக்கு நாலு."

நான் அண்ணாந்து பார்த்தேன். பனைகளுக்கு மேலே, உண்மையாகவே இரண்டு வெளிச்சம். கீழே நின்றது பளிச்சென்று, மேலே நின்றது கொஞ்சம் அடக்கமாக. வானியல் பற்றி மூன்று புத்தகம் வைத்திருக்கிறவன், "அது பிளேன். பலாலியிலை இறங்க வருகுது" என்றேன்.

அவர் கையை இறக்கவில்லை. "ரெண்டு கிழமையா இறங்காமல் நிக்கிற பிளேனோ அண்ணை?"

வீட்டுக்குப் போய்த் தூசு தட்டிப் புத்தகத்தைப் பார்த்தேன். கைபேசியிலும் பார்த்தேன். மறுநாள் பின்னேரம், இந்த விஷயத்தைத் தொட்டிலில் கிடந்தபோதே அறிந்தவன்போல வந்து விளக்கினேன். பளிச்சென்றது வெள்ளி. மற்றது வியாழன். இன்னும் ஒரு கிழமையில் இரண்டும் ஒரு விரலுக்குள் வந்துவிடும். தொலைநோக்கியால் பார்த்தால் இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் காணலாம். வியாழனுக்குப் பக்கத்தில் நாலு சின்னப் புள்ளி தெரியும். அவை அதன் நிலாக்கள்.

"மினுக்கம் குறைஞ்சதுக்கோ நாலு நிலா?" என்றார். "மற்றதுக்கு?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப சரிதான்," என்றார், ஏதோ ஒரு நெடுநாள் வழக்கில் தீர்ப்புக் கிடைத்தவர்போல.

அவருடைய வீட்டில் இதை யாரும் நம்பவில்லை. கணவர் மேசன் வேலை செய்கிறவர். "உது ட்ரோன். ஆரோ படம் எடுக்கிறாங்கள், நீ விரலைக் காட்டிக்கொண்டு நிக்கிறதையும் சேர்த்து எடுத்திருப்பாங்கள்" என்று சொல்லிச் சிரித்தாராம். நாலு நிலாவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இன்னும் சிரித்து, "நாலையும் உன்ரை கண்ணாலை கண்டுகொண்டு வா. அண்டு தொடக்கம் காலமைத் தேத்தண்ணியை நான் போடுறன்" என்று சொல்லியிருக்கிறார். பதினெட்டு வருடத்தில் அந்த மனிதர் அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. "நாலிலை ஒண்டு குறைஞ்சாலும் ஒப்புக்கொள்ளமாட்டார் அண்ணை" என்று அவர் எனக்கு எச்சரிக்கை செய்தார்.

"முதல் ஆளா நீர்தான் பாக்கிறீர்," என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

தொலைநோக்கி வாசிகசாலையில் இருந்தது. சுவிசில் இருக்கிற ஊரவர் ஒருவர் தம் தந்தையாரின் நினைவாக அனுப்பியது. நாலு மாதமாக அலுமாரிக்குள், பெட்டி உடைக்காமல். காரணம், அது இன்னும் திறந்துவைக்கப்படவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் வந்து சேர்ந்தால் மட்டும் வந்ததாக ஆகாது. குழாயில் தண்ணீர் வந்தாலும் ஒருவர் வந்து நாடா வெட்டும்வரை அது தண்ணீர் இல்லை.

நான் வாசிகசாலைச் செயலாளரிடம் போனேன். நல்ல மனிதர், இதை ஒரு குறையாகத்தான் சொல்கிறேன். கெட்ட மனிதரோடு சண்டை பிடிக்கலாம். நான் கேட்டது இவ்வளவுதான்: பெட்டியை உடைத்து, தொலைநோக்கிக் குழாயை முற்றத்தில் வைத்து, வருகிறவர்கள் பார்க்கட்டும். அவர் கண்கள் விரிந்தன. "அண்ணை, இதை நாங்கள் சும்மா விடக்கூடாது. விழாவாச் செய்வம்."

"விழா வேண்டாம். ஆறே முக்காலிலையிருந்து ஏழரை மட்டுந்தான் வடிவாத் தெரியும். பிறகு பனைக்குள்ளை போயிடும். எல்லாரும் மேற்கைப் பாத்தபடி நிண்டாச் சரி."

அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அது எனக்கு நம்பிக்கை தந்தது. குறித்துக்கொள்கிறவர்களை நம்பக்கூடாது என்று இப்போது தெரியும்.

அழைப்பிதழ் வந்தது. பதினான்கு நிகழ்ச்சிகள். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், அகவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை என்று போய், ஆறே முக்காலுக்கு நேரே 'பிரதம விருந்தினர் உரை' என்று கிடந்தது. நான் சொன்ன நேரத்தை அவர் மறக்கவில்லை; முக்கியமான நேரம் என்று விளங்கிக்கொண்டு முக்கியமானவருக்கு ஒதுக்கிவிட்டார். பதின்மூன்றாவது நன்றியுரை. பதினான்காவது: 'கோள்களை அவதானித்தல் (நேரம் இடங்கொடுப்பின்).'

நான் ஏன் அந்த இடத்திலேயே அழைப்பிதழைக் கிழித்து எறியவில்லை என்று கேட்டால், ஒன்பதாவது நிகழ்ச்சி 'சிறப்புரை', அதற்கு நேரே என் பெயர். தடித்த எழுத்தில்.

அன்று பின்னேரம் ஐந்தரைக்குப் போனேன். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு முகில் இல்லை. முற்றத்தில் நூறு கதிரை, எல்லாம் மேற்கைப் பார்த்தபடி. அதில் செயலாளர் ஒரு பிழையும் விடவில்லை. கதிரைகள் மேற்கைப் பார்த்தால் மேடை எங்கே வரும்? மேற்கில்தான். மேடைக்குப் பின்னால் என்ன வரும்? பதாகை. இரண்டு ஆள் உயரம், முற்றத்தின் முழு அகலம். அதன் நடுவில் பிரதம விருந்தினரின் படம், ஒரு மூலையில் நன்கொடையாளரின் தந்தையார், மற்ற மூலையில் கோள்களின் படம். அங்கே இரண்டு சனிக்கிரகங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. வளையம் இல்லாவிட்டால் அது கோள் என்று ஆருக்குத் தெரியும் என்று அச்சகத்தில் நினைத்திருப்பார்கள்.

மேடையின் நடுவில் தொலைநோக்கி. கழுத்திலிருந்து மூன்று கால்வரை சிவப்பு நாடா சுற்றிப் பூப்போல முடிச்சு. கண்வைக்கும் இடத்திலும் ஒரு முடிச்சு.

"செயலாளர், இந்தப் பதாகை முழு வானத்தையும் மறைக்குதல்லோ?"

"உங்களுக்கு எப்பவும் பகிடி அண்ணை," என்று சொல்லிக்கொண்டு அவர் லைற்காரரிடம் ஓடினார். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு இந்தச் சாபம் உண்டு. வீடு எரிகிறது என்றாலும் கைதட்டுவார்கள்.

பதாகைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். அங்கே அந்தப் பெண்மணி பெரிய கேத்தலோடு நின்றார். நல்ல சேலை கட்டியிருந்தார். பார்ப்பதற்கு வந்தவர் என்று நான் நினைத்தேன். நூற்றியிருபது பேருக்குத் தேத்தண்ணீர் என்று செயலாளர் சொல்லிவிட்டாராம்.

"நான் எப்ப வரட்டும் அண்ணை?"

"நான் கூப்பிடுறன்," என்றேன்.

ஆறரைக்கு நடனம் முடிந்தது. ஆறே முக்காலுக்குப் பிரதம விருந்தினர் வரவில்லை. வேறொரு ஊரில் விளையாட்டுப் போட்டியில் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார். ஆசியுரை நீண்டது. பிறகு செயலாளர் சிறப்புரைக்கு அழைக்க எழுந்து, என்னைக் காட்டி, "வானில் நிகழும் இந்த அரிய சந்திப்பை எங்கள் ஊரிலேயே முதன்முதலாக அவதானித்து எமக்கு அறியத்தந்தவர்" என்றார். கைதட்டல். ஒருவர் வந்து பொன்னாடை போர்த்தினார்.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். ஒரே ஒரு வசனம் போதும்: கண்டுபிடித்தவர் நான் இல்லை, பதாகைக்குப் பின்னால் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கோ. சத்தியமாக அந்த வசனத்தோடுதான் ஒலிவாங்கிக்கு முன்னால் போனேன். ஆனால் போகிற வழியில் ஒரு பகிடி ஞாபகம் வந்தது. அதை முதலில் சொல்லுவோம் என்று சொன்னேன். நூறு கதிரையும் சிரித்தது. சிரித்த கதிரைகளுக்கு முன்னாலிருந்து இறங்குவதற்கு இந்தப் பூமியில் இன்னும் ஒரு மனிதன் பிறக்கவில்லை.

ஏழு மணிக்குச் செயலாளர் ஒரு துண்டு தந்தார்: 'பிரதம விருந்தினர் கோண்டாவில் தாண்டிவிட்டார். கொஞ்சம் நீட்டவும்.' நீட்டினேன். நாங்கள் கைபேசியைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வளைந்துபோன சமுதாயம் என்றேன். அண்ணாந்து பார்க்க மறந்தவர்கள் என்றேன். எல்லோரும் ஆமோதித்துக் குனிந்து கைபேசியில் அதைப் படம் எடுத்தார்கள்.

ஒருமுறை பதாகையின் ஓரத்தில் அந்தப் பெண்மணி வந்து நின்றது கண்ணில் பட்டது. கையை மேற்கே நீட்டினார். பிறகு உள்ளங்கையை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். மீண்டும் ஒருமுறை. தேத்தண்ணீர் தயார், ஆறப்போகிறது என்று சொல்கிறார் என்று நினைத்தேன். சிரித்துத் தலையாட்டிவிட்டு, சிவப்பு நாடா கட்டின குழாயைக் காட்டி அடுத்த பகிடிக்குப் போனேன். அவை இறங்கிக்கொண்டிருக்கின்றன என்று எங்களில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவருக்கு ஒலிவாங்கி இல்லை.

ஏழு இருபதுக்குப் பிரதம விருந்தினர் வந்தார். வாசலில் மாலை. ஏற்கனவே எரிந்துகொண்டிருந்த மங்கல விளக்கை அணைத்து மறுபடி அவர் கையால் ஏற்றவைத்தார்கள். அவர் பேசினார். தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே எங்கள் முன்னோர் வெறும் கண்ணால் வானத்தை அளந்தவர்கள் என்று முழங்கினார். விரலால் வானத்தை அளந்தவர் அவருக்குப் பின்னால் இருபது அடியில் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தார். விருந்தினர் அரை மணித்தியாலம் முழங்கினார். அந்த அரை மணித்தியாலத்தில் நான் கதிரையில் பொன்னாடையோடு இருந்து வியர்த்தேன். எழுந்து போய்ப் பதாகையை அறுத்து விழுத்தவேண்டும் என்று மனம் துடித்தது. கால்கள் மரியாதை தெரிந்தவை, அசையவில்லை.

எட்டு ஐந்துக்கு நாடா வெட்டினார்கள். குழாய் பதாகையைப் பார்த்து நின்றதால் நாலு பேர் அதைத் தூக்கிப் பக்கத்தில் வெளியாய்த் தெரிந்த பக்கம் திருப்பினார்கள். அங்கே தூரத்தில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. பிரதம விருந்தினர் கண்ணை வைத்தார். எல்லோரும் மூச்சை அடக்கினார்கள்.

"அற்புதம்," என்றார். "என்ன ஒரு செம்மை!"

கைதட்டல். பிறகு வரிசை. ஒவ்வொருவராகக் கண்ணை வைத்து "ஆகா" என்றார்கள். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் நிலாக்களையும் கண்டதாகச் சொன்னார். கதிரையில் வியர்த்துக்கொண்டிருந்தபோதே எனக்குத் தெரியும், அது கைபேசிக் கோபுரத்தின் உச்சியில் எரிகிற சிவப்பு லைற் என்று. சொல்லவில்லை. பிரதம விருந்தினர் பார்த்ததுதான் கோள். இதுவும் எங்கள் வழக்கம்தான். இந்த வழக்கத்தைப் பற்றி நான் பத்திரிகையில் மூன்று முறை கிண்டல் செய்து எழுதியிருக்கிறேன்.

வரிசை கலைந்து, கார்கள் போய், கோப்பைகளைக் கழுவி முடித்து, சேலைத்தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் மேடைக்கு ஏறினார். நான் அவரைக் கூப்பிடவில்லை, அவராகத்தான் வந்தார். கண்ணை வைத்தார். மற்ற எல்லோரையும்விடக் கூட நேரம் பார்த்தார். நாலைத் தேடியிருப்பார்.

"அண்ணை," என்று தாழ்ந்த குரலில் சொன்னார், "இது ரவர் லைற்றல்லோ?"

"ஓம்."

"அதுகள்?"

"பனைக்குள்ளை போட்டுது."

"நான் கையாலை சொன்னனானே அண்ணை. இறங்குது, இறங்குது எண்டு."

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. எப்போதும்போல, எல்லாம் முடிந்து, கதிரை அடுக்குகிற நேரத்தில். செயலாளரைப் பிடித்துக் கத்தினேன். கோள் பார்க்கக் கூப்பிட்டுக் கோளை மறைத்தீர்களே என்றேன். பார்த்தவருக்குக் கேத்தலைக் கொடுத்துப் பாராதவனுக்குப் பொன்னாடை போர்த்தினீர்களே என்றேன். உங்கள் பதினான்கு நிகழ்ச்சியையும் பதினான்கு துண்டாகக் கிழித்துப் பனைக்கு உரமாகப் போடுங்கோ என்றேன்.

அவர் உண்மையாகவே மனம் நொந்துபோனார். "ஏன் அண்ணை கத்திறியள்? விழா நல்லாத்தானே போனது. ஒருதரும் இடையிலை எழும்பிப் போகேல்லை."

"நாளைக்கும் ரெண்டும் கிட்டத்தான் நிக்கும். குழாயைத் தாங்கோ. பத்து நிமிஷம். இந்தப் பிள்ளை ஒருக்காப் பாக்கட்டும்."

"நாளைக்கோ? அலுமாரித் திறப்பு தலைவரிட்டை. வெளியிலை எடுக்கிறதெண்டாச் செயற்குழு கூடித் தீர்மானம் எடுக்கவேணும். அடுத்த மாசம் கூட்டம் வருகுது, கட்டாயம் போடுவம்." பிறகு, என்னைச் சமாதானப்படுத்த, "உங்கடை பேச்சுத்தான் அண்ணை இண்டைக்கு உச்சம்" என்றார்.

பொன்னாடையைக் கழற்றி அந்தப் பெண்மணியிடம் நீட்டினேன். ஒரு பெரிய காரியம் செய்வதாக நினைப்பு. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். "உதை வைச்சு நான் என்ன செய்யிறது அண்ணை? சரிகை. மேசை துடைக்கவும் உதவாது." நான் அதை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் கொழும்புக்குப் போயிருந்தார், திறப்பும் அவர் சாவிக்கொத்தில் போயிருந்தது. அதற்கடுத்த நாளும் வானம் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டு கோள்களும் இடம் மாறி, வெள்ளி மேலேறி, மெல்ல விலகத் தொடங்கின. செயற்குழு மூன்று கிழமை கழித்துக் கூடியது. நான் மேசையில் அடித்தேன். அதன் பயனாகத் 'தொலைநோக்கிப் பாவனை உபகுழு' அமைக்கப்பட்டது. நான் அதற்கு ஆலோசகர்.

ஒரு பின்னேரம் வாசிகசாலைப் பின்படிக்குப் போனேன். அவர் கூட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். "எத்தினை நிலா எண்டு கேட்டார். ஒண்டும் இல்லை எண்டன். காலமைத் தேத்தண்ணி நான்தான் போடுறன்," என்றார். குரலில் குறை சொல்லும் தொனிகூட இல்லை. எனக்கு மறுபடி கோபம் வந்தது. இந்தமுறை போவதற்கு வேறு இடமில்லாமல் என்மேலேயே வந்தது. பிழை என்னுடையது என்றேன். அன்றைக்கு நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும் என்றேன். அந்த வசனத்தைப் பற்றியே ஐந்து நிமிடம் சொன்னேன்.

பிறகு, இன்னும் இரண்டு வருடத்தில் இதே இரண்டும் திரும்பவும் இப்படி நெருங்கும், அப்போது விடியற்காலையில் கிழக்கில், அதற்கு நான் எப்படியாவது குழாயை வெளியில் எடுத்து வைக்கிறேன், கட்டாயம் நாலையும் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதுக்கும் நீங்கள்தானோ அண்ணை பேசுறது?"